பாக்கி

என் மைக்செட் கடையின் சிவப்பு அட்டை நோட்டில்
அறுபத்து நாலாம் பக்கம் 'அமோனியா'.
எதிர்ப்பக்கம் ஒரு காதுகுத்து, இரண்டு கருமாதி.

2004, ஆடி.
பேஸ் ஆம்ப் ஒன்று, மைக் இரண்டு, வாடகை நானூறு.
கையெழுத்து: மா. கஜபதி,
காசிமேட்டில் விடியற்காலை ஏலம் கூவுகிறவன்.
என்ன பாட்டுடா இது என்றேன்.
நியூ மெட்டல்ண்ணே என்றான்.
ஃப்ளெக்ஸ் அடிக்கிற பையன் அதைக் காதில் வாங்கி
பேருக்குப் பக்கத்தில் ஒரு குடமும் இரண்டு குக்கரும் போட்டுவிட்டான்.
மாதா கோயில் திருவிழாவில்
எவர்சில்வர் அண்டா என்ன விலை என்று
இரண்டு பெண்கள் மேடை வரைக்கும் வந்துவிட்டார்கள்.

டெரிக் கிதார் கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி
தொங்கும் வரை இறக்கினான்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி கியர் மாற்றுகிற உறுமல்.
கஜபதி முதலில் பேச்சுவாக்கில்தான் அடுக்குவான்,
இருநூறு, இருநூத்தைம்பது, முந்நூறு என்று
விலை ஏற்றுகிற மாதிரி.
முந்நூறுக்கு மேல் அலறல்.
எத்தனையோ ஒப்பாரி கேட்ட என் ஸ்பீக்கருக்கு
அன்றுதான் கோன் கிழிந்தது.
பாக்கியில் எழுதினேன்: கோன் ஒன்று, அறுநூற்றைம்பது.

தட்டு சுழற்ற எபினேசர் என்று ஒருத்தன்.
என் அப்பாவின் ரெக்கார்ட் பிளேயரைக் கேட்டு வாங்கிப்போய்
முருகன் பாட்டை முன்னும் பின்னும் கீச்சினான்.
ஊசி உடைந்தது. எழுதவில்லை.
அது எனக்கும் அப்பாவுக்கும் உள்ள கணக்கு.

2006. கையெழுத்து மாறுகிறது.
டெரிக் குடும்பம் பெரம்பூர் வீட்டை விற்று பெர்த் போய்விட்டது.
அவன் இடத்தில் மண்ணடி இர்ஃபானுல்லா,
பகலில் பியரிங் விற்பவன், விரலில் கிரீஸ்.
அடுத்த வருஷம் டிரம்ஸ் தேசிங்குக்கு
துறைமுகத்தில் நைட் ஷிப்ட்.
டபுள் பெடலை என்னிடம் அடகு வைத்தான்.
இன்னும் மீட்கவில்லை.

2009. கஜபதியின் தொண்டைக்குள் கட்டி.
ஆறு மாசம் பேசாதே என்றார் டாக்டர்.
அதற்கப்புறமும் குரல் திரும்பவில்லை.
இப்போது ஏலத்தில் விரலால்தான் விலை சொல்கிறான்.
மைக் ராயபுரம் ரெனிட்டாவிடம் போனது.
சர்ச் கொயரில் பாடியவள்.
கையெழுத்தில் புள்ளிக்குப் பதில் சின்னச் சின்ன வட்டம் வைப்பாள்.
அவள் காலத்தில்தான் அந்த ஒரே சி.டி. முந்நூறு பிரதி.
இருநூற்று அறுபது என் பரணில் கிடந்தது,
புறா வராமலிருக்க மொட்டை மாடியில் கட்டியிருக்கிறேன்.
வெயிலில் எதிர்வீட்டுச் சுவரெல்லாம் மினுங்கும்.

பிறகு சண்டை. எதற்கென்று எனக்குச் சொல்லவில்லை.
ஒரு வருஷம் முழுக்க இரண்டு அமோனியா.
ஒரே ராத்திரிக்கு இரண்டு பேரும் ஆம்ப் கேட்டு வந்தார்கள்.
யார் நிஜம், நீயே சொல்லுண்ணே.
முன்பணம் தர்றவன் என்றேன்.

2015 மழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர்.
நோட்டு நனைந்து கையெழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஊறிவிட்டது.
தொகை மட்டும் தெளிவாக இருக்கிறது.

போன வாரம் நாலு பையன்கள்.
நாங்கதாண்ணே அமோனியா, இருபது வருஷ பேண்ட்.
நாலு பேரும் பிறக்காத வருஷத்துப் பேர் அது.
முதல் நாளிலிருந்து அந்தக் குழுவில் இருப்பது
என் பேஸ் ஆம்ப் ஒன்றுதான்.
அறுபத்து நாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
இந்தப் பாக்கி எங்களோடதாண்ணே?
பேரை எடுத்துக்கிட்டீங்க இல்ல.
ஆளுக்கு நூற்றிருபத்தைந்து போட்டு
ஐந்நூறு வைத்தார்கள்.

சனிக்கிழமை கொருக்குப்பேட்டை கல்யாண மண்டபம்.
மூணாவது பாட்டில் கூட்ஸ் வண்டி போனது, நிறுத்தவில்லை.
கடைசி வரிசையில் கஜபதி, மீன்வாடைச் சட்டையோடு.
யாருக்கும் அவனைத் தெரியவில்லை.
தொடையருகே அவன் விரல்கள் எழுந்தன:
இரண்டு. இரண்டரை. மூன்று.
மூன்றில் நிறுத்தி வாயைத் திறந்து காத்திருந்தான்.
பையன் அரை நொடி பிந்திவிட்டான்.

கஜபதி என் பக்கம் திரும்பி
நொந்த மீனை ஒதுக்குகிற மாதிரி
கையை வீசினான்.
ஆனால் போகவில்லை.
அடுத்த பாட்டுக்கு மறுபடி
இரண்டிலிருந்து ஆரம்பித்தான்.